மாமாவின் தட்டில் நான் ஒட்டிய பூக்கள்

‘ஆர்னேட்லி’ என்ற ஆங்கிலச் சொல்லை ஐந்தாம் வகுப்பில் கற்றுக்கொண்டதோடு நான் நின்றிருக்கலாம். அதைச் செய்துகாட்டப் போனதுதான் வினை.

‘ஏராளமான அலங்காரத்தோடு’ என்று டீச்சர் பொருள் சொன்னார். ஒரு வேலையை எப்படிச் செய்தார்கள் என்று காட்டும் சொல்லாம். “அழகா இருக்குன்னு அர்த்தம் இல்ல, நிறைய ஜோடிச்சிருக்குன்னுதான் அர்த்தம்” என்றும் சொன்னார். கோயில் தூண், தேர் என்று எழுதாமல், வீட்டில் பார்த்ததை வைத்து ஒரு வாக்கியம் எழுதி வரவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூதலூரில் அக்காவுக்கு மஞ்சள் நீராட்டு. அத்தை வீட்டார் இருபத்தொரு சீர்த்தட்டுகளோடு வேனில் வந்து இறங்கினார்கள். ஜிகினாத் தாள், சாட்டின் ரிப்பன், காகித ரோஜா. உள்ளே இருப்பது ஆப்பிளா வளையலா என்றே தெரியவில்லை. எனக்கு வாக்கியம் கிடைத்துவிட்டது.

அம்மா மட்டும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி, எங்கள் தாய்மாமா, அப்பாவோடு சண்டை போட்டு நான்கு வருடமாக எங்கள் வாசலை மிதிக்கவில்லை. தாய்மாமன் சீர் வராமல் அக்காவை மணையில் உட்கார வைக்க முடியாது. ஒருவழியாக மயிலாடுதுறையிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தார். கையில் ஒரே ஒரு தட்டு. பட்டுப்புடவை, தேங்காய், பழம். ரிப்பன் ஒரு துண்டுகூட இல்லை. அந்த வருடம் அவருடைய சம்பா முழுவதும் மழைத் தண்ணீரில் போயிருந்தது.

தட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா அழுதாள். தட்டு இப்படி மொட்டையாக வந்ததே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. எல்லோரும் காபி குடிக்கப் போன நேரத்தில், அத்தை வீட்டுச் சீரிலிருந்து தட்டுக்கொரு பூவாகக் கழற்றி, மாமாவின் தட்டைச் சுற்றி ஒட்டி, ரிப்பனும் கட்டினேன். ஆர்னேட்லி என்றால் அப்படி ஒரு ஆர்னேட்லி.

சபையில் மாமாவை அழைத்துத் தட்டைக் கையில் கொடுத்தார்கள். அத்தை சும்மா இருந்திருக்கலாம். “இது எங்க தட்டுல இருந்த பூவாச்சே!” என்றாள். யாரோ சிரித்தார்கள். மாமா ஒவ்வொரு பூவாகப் பிய்த்துக் கீழே போட்டார். புடவையை அக்காவிடம் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசினார். பிறகு அம்மாவைப் பார்த்து, “நான் கொண்டாந்தது ஒனக்குப் பத்தலயாக்கா?” என்றார்.

“சத்தியமா எனக்குத் தெரியாதுடா தம்பி, சாப்ட்டுட்டுப் போடா” என்று அம்மா அவர் கையைப் பிடித்தாள். அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.

நான்தான் ஒட்டினேன் என்று பின்னாலேயே ஓடிச் சொல்லியிருந்தால் மாமா திரும்பியிருப்பார். எனக்கு அது தோன்றவே இல்லை. அவ்வளவு பாடுபட்டு ஒட்டியதற்கு ஒருவர்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லையே என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த வருத்தம்.