மேல்வீட்டு மூன்று கிரைண்டர்கள்

தரகர் அதை அபார்ட்மென்ட் என்றார். ஒன்றின் தலையில் ஒன்றாக ஏற்றி வைத்த மூன்று வீடுகள், ஒரே படிக்கட்டு. சங்கரன்கோவிலில் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாதுதான். நடுவீடு எனக்கு. சென்னையில் ஐந்து பெண்களோடு ஓர் அறையில் நான்கு வருடம் கிடந்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் அனுமதியோடு வந்திருந்தேன். எனக்கென்று ஒரு கதவைப் பூட்டித் திறந்தது இந்த நடுவீட்டில்தான்.

மேல்வீட்டில் ஒரு கணவனும் மனைவியும். இருபது வருடம் விசைத்தறி ஓட்டியவர்கள். தறிகளை விற்று மூன்று பெரிய கிரைண்டர்கள் வாங்கி, இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் பாக்கெட் போட்டார்கள். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் மத்தியானம் ஒரு மணி வரை ஓடும். என் மீட்டிங் பத்து மணிக்கு.

பட்டியல் போடாமல் நான் கோபப்படுவதில்லை. ஒரு வாரம் கவனித்து எழுதினேன். கிரைண்டர், மூன்று, இடைவிடாமல். இரும்பு ஸ்டாண்டுகள் தரையில் நடுங்குவது, கிரைண்டரைவிட மோசம். மாவு வாளியைத் தூக்காமல் இழுப்பது. பேச்சு. இந்தக் கடைசி தனி ரகம். தறிக்கூடத்தில் கத்திப் பழகிய இருவரும் தறி போன பிறகும் குரலை இறக்கவில்லை. உப்பு எங்கே என்று அவர் கேட்பது என் வீட்டுக்குக் கேட்கும். அந்த அம்மா சொல்லும் பதில் பக்கத்து ஊர் புளியங்குடிக்கே கேட்கும்.

மாதக் கடைசிக்குள் பின்னணிச் சத்தம் நிற்காவிட்டால் சென்னை அலுவலகத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று மேலாளர் மெயில் அனுப்பினார். மிக மரியாதையான மெயில். அந்த ஆறு கட்டில் அறை கண்முன் வந்தது.

மேலே போய் இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை, சத்தத்தை அளக்கும் செயலியில் என் அறையில் எடுத்த அளவைக் காட்டினேன்.

"பாருங்க அண்ணாச்சி, அறுபத்தெட்டு."

"நூத்துக்கா? நல்ல மார்க்குதான்."

அவர் மனைவி வாளியை இழுத்துக்கொண்டே சொன்னார். "இதெல்லாம் ஒரு சத்தமாட்டி? தறி ஓடுன வீட்டுல எம் பிள்ள தொட்டில்ல ஒறங்குனா."

"கொஞ்சம் கொறைங்க மதினி."

"கிரைண்டர்ட்ட போயி மெதுவா ஓடுன்னு சொல்லவா?"

இவர்களோடு பேசுவதற்குக் கான்கிரீட்டோடு பேசலாம் என்று கூரையை அடைக்க முடிவு செய்தேன். வீட்டுக்காரர் உடனே சம்மதித்தார். அவருக்கு ஓசியில் ஒரு ஃபால்ஸ் சீலிங்.

சீலிங் போட வந்தவர் கல்யாண மண்டபச் சீலிங்குகளில் பூ வேலை செய்து பேர் வாங்கியவர். நான் மெக்கானிக்கல் படித்தவள். அதிர்வு எனக்கு ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடம். போர்டுக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி, அதில் சத்தத்தை உறிஞ்சக் கிளாஸ் வூல், சட்டத்தைத் தொங்கவிடும் ஒவ்வொரு கம்பிக்கும் ரப்பர், கம்பி கூரையை நேராகத் தொடவே கூடாது என்று வரிசையாகச் சொன்னேன்.

"கவலையே படாதீய. நடுவுல ஒரு ரோஸ் லைட்டு வச்சிருவமா?"

முதல் நாள் ஏணிக்கடியிலேயே நின்றதால் ரப்பர் வைத்தார். மறுநாள் நான் பக்கத்து அறையில் மீட்டிங்கில் இருந்தபோது மிச்சக் கம்பிகளை நேராகக் கூரையில் முடுக்கிவிட்டார். மீந்த ரப்பர்களைக் கவரில் கட்டி என்னிடம் பெருமையாக நீட்டினார்.

"ரப்பர் வச்சா ஆடும்மா. இப்பம் கல்லு மாரி நிக்கும்."

கல்லு மாதிரிதான் நின்றது. அடுத்த காலை கிரைண்டர் ஓடியதும், நடுக்கம் அந்தக் கம்பிகள் வழியே இறங்கி, அறையகலப் போர்டு முழுவதும் மேளத் தோலாக அதிர்ந்தது. செயலியில் மூன்று டெசிபல் கூடியிருந்தது.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் பாக்கி. மீந்த ரப்பரை எடுத்துக்கொண்டு மேலே போனேன். இந்த முறை சத்தம் என்ற சொல்லையே எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, இதைக் கிரைண்டர் ஸ்டாண்டு காலுக்கு அடியில வைக்கணும்."

அவர் ஒன்றை நசுக்கிப் பார்த்தார். "இது பென்சில அழிக்கத்தான் ஆவும்." பரண்மேல் ஏறி ஒரு சாக்கை இறக்கினார். உள்ளே, கை அகலத்தில் கனமான கறுப்பு ரப்பர் கட்டைகள்.

"தறிக்கு அடியில வச்சிருந்தது. தறி ஓட ஓட நவுண்டு போவும்லா, அதுக்கு."

"கிரைண்டருக்கு ஏன் வைக்கல?"

"கிரைண்டரு நவுராதே."

"மொதல்லயே இதக் கேட்டிருக்கலாம்லா பிள்ள," என்றார் மனைவி. "சத்தம் சத்தம்னுல்லா வந்து நின்ன."

நான் குடிவந்த இந்த எட்டு மாதமும் அந்தச் சாக்கு என் தலைக்கு மேலேயே கிடந்திருக்கிறது. நகரும் இயந்திரத்துக்கு ரப்பர், நகராததற்கு எதற்கு என்பதோடு இவர்கள் யோசனை முடிந்துவிட்டது. நான் மட்டும் என்ன, டெசிபல் காட்டியவள், ஸ்டாண்டின் காலை ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை. பன்னிரண்டு கால்கள். அந்த அம்மா ஒரே ஆளாக ஒவ்வொன்றாகத் தூக்க, நான் கட்டைகளைத் தள்ளினேன். "வெரலப் பாத்து வையி, பொறவு அதுக்கும் எங்களத்தான் சொல்லுவ," என்றார். கிரைண்டர் ஓடியபோது கீழே ஒரு முனகல்தான் மிச்சமிருந்தது.

திங்கட்கிழமை மீட்டிங்கில் மேலாளர் என் மைக் வேலை செய்கிறதா என்று இரண்டு முறை கேட்டார். அவரும் வீட்டிலிருந்துதான். பேச ஆரம்பித்ததும் குக்கர் விசிலடித்தது. இறக்குவார் யாருமில்லை. நான்காவது விசிலில், இது யார் பக்கம் என்று கண்டிப்பான குரலில் விசாரித்தார்.

உங்கள் பக்கம் என்றேன். சென்னைக்கு வரச்சொல்லும் மெயில் அதற்குப் பிறகு வரவில்லை.