பெயர் காட்டாத இணைப்பு

குற்றம் சாட்டப்பட்டவரிடம் விளக்கம் கேட்காமல் அவர்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். இந்த விதியைப் பிறருக்குச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றேன். திருச்செங்கோட்டில் என் வீட்டுக் கணினி விஷயத்தில் மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

கணினியில் லினக்ஸ் போட்டிருக்கிறேன். காலையில் காபி குடித்ததும், அது வெளியே யார் யாருடன் பேசிக்கொண்டிருக்கிறது என்று பட்டியல் எடுத்துப் பார்ப்பேன். தபால் பதிவேடு பார்த்த பழக்கம். ஒரு நாள் அதில் அறிமுகமில்லாத முகவரி ஒன்று இருந்தது. மறுநாளும் இருந்தது. எந்த நிரல் அதனுடன் பேசுகிறது என்று காட்ட வேண்டிய இடம் காலி.

அந்த முகவரிக்குச் சொந்தமான நிறுவனத்தைத் தேடிப் பிடித்து, பொருள், பார்வை எல்லாம் போட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். எதற்காக என் கணினியுடன் தொடர்பில் இருக்கிறீர்கள்? ஏழு நாளில் பதில் தேவை. நினைவூட்டல் இரண்டு போயிற்று. பதில் இல்லை. கணினியின் தடுப்புச்சுவரான ஃபயர்வாலில் அந்த முகவரியை அடைத்தேன். பட்டியல் சுத்தமானது. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, கணினி முன்னால் என் மனைவியும் எதிர்வீட்டு அம்மாவும் நின்றிருந்தார்கள். அந்த அம்மாவின் கணவர் போர்வெல் போடும் ரிக் லாரி ஓட்டுகிறார். வடக்கே போய் மூன்று மாதமாகிறது.

"மூணு நாளா அங்கயே நிக்குதுங்க அக்கா. ஒரே எடத்துல எதுக்கு இத்தன நாளு நிக்கோணும்?"

"மழையா இருக்கும் சாமி. லாரி சேத்துல எறங்கியிருக்கும்."

"போனும் போகமாட்டேங்குது. போன மாசம் ஒண்ணைக் குழிக்குள்ள உட்டுட்டாரு. புதுசையும் உட்டுட்டாரோ என்னமோ." சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை.

திரையில் ஒரு வரைபடம், நடுவில் லாரி இருக்கும் இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி. அந்த அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் லாரி முதலாளி கொடுத்த கடவுச்சொல்லை வைத்து கணினியில் என் மனைவிக்கென உள்ள கணக்கில் திறந்த பக்கம் அது. நான் என் கணக்கில் நுழைந்த பிறகும் பின்னால் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அடைத்த முகவரி இதனுடையதுதான்.

"எந்த ஊருக்குப் போனார்?" என்று கேட்டேன்.

"கெளம்பற வண்டியப் பாத்து எங்கன்னு கேப்பாங்களா சார்? புள்ளியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறது."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றேன் மனைவியிடம்.

"நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அடுத்தவர் கணக்கில் ஓடும் நிரலின் பெயரை, நிர்வாகி அதிகாரத்தோடு கேட்டால்தான் அந்தப் பட்டியல் காட்டும். தேவையில்லாமல் அந்த அதிகாரத்தை எடுக்கக் கூடாது என்பது என் கொள்கை. விசாரிக்க எடுக்கவில்லை. அடைக்க மட்டும் எடுத்தேன்.

உட்கார்ந்து தடையை நீக்கினேன். பக்கத்தைப் புதுப்பித்ததும் புள்ளி வேறொரு ஊரில் இருந்தது. ஒரு நிமிடம் கழித்துச் சாலையில் சற்று நகர்ந்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த கையை அந்த அம்மா எடுத்தார்.

"ஓடுதுங்க சார்."

"நெட்டுல கோளாறு" என்றேன். பணியில் இருந்தபோது இத்தகைய விளக்கங்களை, ஏற்க இயலாது என்று எழுதித் திருப்பியிருக்கிறேன்.

அவர் போன பிறகு மனைவி கேட்டாள்: "நெட்டு நல்லாத்தானுங்களே இருந்துச்சு? என் போன்ல சீரியல் ஓடுச்சே."

மறுநாள் எதிர்வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். "இதுக்கா சார் வந்தீங்க? காப்பி குடிங்க" என்றார். டம்ளரை வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகும் தினமும் காலையில் வந்து புள்ளியைப் பார்த்தார். ஆனால் முதலில் என்னிடம் கேட்பார்: "இன்னைக்கு நெட்டு இருக்குதுங்களா சார்?"

கடைசியில் அந்த நிறுவனம் பதில் எழுதியது. இணைப்பைத் தொடங்கியது என் கணினிதானாம். முதலில் வீட்டில் உள்ளவர்களை விசாரிக்கச் சொல்லியிருந்தார்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் ரிக் லாரியின் ஹாரன் கேட்டது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அன்று ஆடிப்பெருக்கு; வடக்கே போன லாரிகள் பண்டிகைக்கு ஊர் திரும்பும் நாள்.