இருபத்துமூன்று கிலோமீட்டர் இறக்கம்

வேலை செய்யும் இடத்தில் அவருக்கு ‘மூணுதரம்’ என்று பெயர். லிஃப்ட் மெக்கானிக். எந்த நட்டை முறுக்கினாலும் மூன்று தடவை தொட்டுப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார். வீட்டிலும் அப்படித்தான். கதவைப் பூட்டினால் மூன்று இழுப்பு, அடுப்பை அணைத்தால் மூன்று பார்வை. “பொண்ணு பாக்க வந்தப்பவும் மூணு தடவை வந்து பாத்துட்டுத்தான் சரின்னாரு” என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அது பொய். அப்போது அவருக்கு இந்தப் பழக்கமே இல்லை.

பழக்கம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. பதினான்கு வருஷம் கூடவே வேலை பார்த்த கூட்டாளி ஒருநாள் லிஃப்ட் குழிக்குள் இறங்கி எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தபோது, மேலே லிஃப்டைப் பிடித்து நிறுத்தியிருந்த பிரேக் நழுவியது. கூட்டாளி பிழைக்கவில்லை. அந்தப் பிரேக்கை அன்று காலை சரிபார்த்தவர் மூணுதரம்தான். உள்ளே ஒரு ஸ்பிரிங் விட்டுப்போயிருந்தது, வெளியிலிருந்து யார் பார்த்தாலும் தெரிந்திருக்காது என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள். அவர் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எல்லாம் மூன்று தடவை. அன்றிலிருந்து சாமி கும்பிடுவதும் நின்றுபோனது. அன்றைக்குக் காலையில் இரண்டு பேருமே கும்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருந்தார்கள்.

இன்னொன்றும் அன்றிலிருந்துதான் தொடங்கியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டு சரிவில் இறங்கினால் கை மரத்துப் போகும். மேம்பாலத்து இறக்கத்தில்கூட நெஞ்சு தடதடவென்று அடிக்கும். அதனால் மேம்பாலம் இல்லாத வழிகளாகப் பார்த்துச் சுற்றிப் போவார். “உனக்குக் குறுக்கு வழியே தெரியாதாய்யா?” என்று ஆபீசில் கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்டவர் கையில்தான் கேரவன் வந்து சேர்ந்தது.

கேரவன் மச்சானுடையது, அதாவது மனைவியின் தம்பியுடையது. காரின் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற வகை. உள்ளே நான்கு பேர் படுக்க இடம், மடக்குகிற மேஜை, ஒற்றை அடுப்பு, பீரோ அகலத்துக்கு ஒரு கழிப்பறை. அக்கா குடும்பத்தோடு பன்னிரண்டு நாள் பயணம் என்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டு, புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது அவன் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். மாவுக்கட்டோடு பின் சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டு, “நீங்க ஸ்டியரிங்கைப் பிடிங்க அத்தான், மூளை என்னுது” என்றான்.

வேண்டாம் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார்தான். மனைவி முந்திக்கொண்டாள்.

“ரெண்டு வருஷமா நம்ம வீட்ல எல்லாரும் சேந்து ஒரு வேளை சாப்பிட்டிருக்கோமாங்க? உங்களுக்கு ஃபோன் வந்தா ஓடிடறீங்க. நம்ம பொண்ணு தட்டைத் தூக்கிட்டு ரூமுக்குள்ள போயிடறா. நான் சுவத்தோட பேசிட்டு உக்காந்திருக்கேன். பன்னெண்டு நாள் எல்லாரும் ஒரே பெட்டிக்குள்ள கிடப்போம். எங்க ஓடறீங்கன்னு பாக்கறேன்.”

அவளுக்கு ஒரே நிபந்தனை. தினமும் காலையில் வண்டி கிளம்புமுன் நான்கு பேரும் கை கோத்து நின்று கும்பிட வேண்டும். அவரும் நின்றார். மற்ற மூவரும் கண்ணை மூடியிருக்க, அவர் கண் மட்டும் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நான்காம் நாள், பதினேழு வயது மகள் யாரும் கூப்பிடாமலே வந்து மேஜையில் உட்கார்ந்தாள். பாத்திரம் கழுவுகிற முறை யாருடையது என்று மாமனோடு சண்டை போட்டாள். “கால்லதானே கட்டு மாமா, கை நல்லாத்தானே இருக்கு?” என்றாள். மனைவி சிரித்த சிரிப்பில் கேரவனே ஆடியது. அந்தச் சிரிப்பைக் கேட்டு அவர் எவ்வளவோ வருஷம் ஆகியிருந்தது.

ஆனால் ஒன்பதாம் நாள் மலை இறங்க வேண்டும். மச்சான் போட்டிருந்த வழி அது. இருபத்துமூன்று கிலோமீட்டர். தினமும் சாயங்காலம் அவர் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போவார். அந்த வண்டியில் தாழ்ப்பாள் இருந்த ஒரே இடம் அதுதான். மடிப்பு மடிப்பாக நெளிந்து கிடந்த அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்ப்பார். “அத்தானுக்கு வயிறு சரியில்லை போல” என்று மச்சான் சொல்வது கேட்கும். வெளியே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொன்னால் பயணம் அங்கேயே நின்றுவிடும், மகள் திரும்பவும் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். முகத்தைக் கழுவிக்கொண்டு சும்மா வந்து உட்காருவார்.

ஒன்பதாம் நாள் காலை கொக்கியை ஆறு தடவை பார்த்தார். கும்பிட நின்றபோது அவர் கை ஈரமாக இருந்ததை மகள் கவனித்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

உச்சியில் ஒரு பலகை நின்றது. கனரக வண்டிகள் சின்ன கியரில் இறங்கவும் என்று எழுதியிருந்தது. அவர் படித்தார். படித்ததோடு சரி. முதல் வளைவில் பின்னாலிருந்து கேரவன் ‘ம்’ என்று ஓர் உந்து உந்தியது. கால் தானாகப் போய்ப் பிரேக்கில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

இரண்டு வளைவு, மூன்று வளைவு. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் இடுப்பளவு சுவர், அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. ஆறாவது வளைவில் ரப்பர் கருகுகிற மாதிரி நாற்றம் வந்தது.

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தான். “அத்தான், பிரேக்கு காயுது. காலை எடுத்துட்டு கியரைக் குறைங்க.”

“ம்.”

“அத்தான்! இப்படியே அமுக்கிட்டு வந்தா கொஞ்ச நேரத்துல பிரேக்கே பிடிக்காது. எடுங்க!”

அவருக்குக் காதில் விழுந்தது. அர்த்தமும் புரிந்தது. ஆனால் இருபது வருஷமாக அவர் கற்றதெல்லாம் ஒன்றுதான்: பிரேக் பிடித்திருக்கிற வரைக்கும்தான் கீழே இருக்கிறவன் உயிரோடு இருப்பான். அதை விடு என்றால் எப்படி விடுவது? முழங்காலுக்குக் கீழே கால் மரக்கட்டையாகிவிட்டது. விரல்கள் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டன. மூச்சு பாதியிலேயே நின்று நின்று வந்தது. பிரேக் முன்பைவிட ஆழமாக அமுங்குவது காலுக்குத் தெரிந்தது. வண்டியின் வேகம் மட்டும் குறையவில்லை.

மனைவி அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. ஆனால் அப்படி இருக்கிறவர்களை அவளுக்குத் தெரியும். மாதத்தில் பாதி நாள், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களின் அழைப்பு அவருடைய ஃபோனுக்குத்தான் வரும். அவர் ஒரு ஷூவை மாட்டியபடியே ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார். சமையலறையில் நின்று அவள் கேட்டுக்கொண்டேயிருந்திருக்கிறாள்.

“ஹலோ” என்றாள், அவருடைய ஃபோன் குரலிலேயே. “நான் பேசிட்டிருக்கேன். கேக்குதா?”

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

“கேக்குதுன்னு சொல்லுங்க.”

“கேக்குது.”

“கதவுல சாயாதீங்க. ஒண்ணும் அறுந்து விழாது.” “வீட்ல இன்னைக்கு என்ன சமையல்?”

எல்லோரிடமும் அவர் கேட்கிற கேள்வி அது. வயிறு ஞாபகம் வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்பது அவர் கட்சி.

“நீதான்... நீதான் சொல்லணும்” என்றார்.

பின்னாலிருந்து மகள் முன்னால் எட்டி, அவர் தோளில் கை வைத்தாள். “ஒண்ணொண்ணா செய்வோம் சார். பதட்டமே வேண்டாம். மொதல்ல வலது காலு. லேசா எடுங்க.” அதுவும் அவர் வசனம்தான். காதில் எதையோ மாட்டிக்கொண்டு எப்போதும் அறைக்குள் இருக்கிறவள் என்று அவர் நினைத்திருந்த பெண்ணுக்கு ஒரு சொல் விடாமல் மனப்பாடம்.

அவர் காலை எடுத்தார்.

வண்டி முன்னால் பாய்ந்தது. மனைவி ஐயோ என்று கத்தவிருந்ததை விழுங்கிக்கொண்டாள். “கிளட்ச், ரெண்டாவது கியர், விடுங்க!” என்றான் மச்சான். எஞ்சின் அலறியது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி வேகம் விழுந்தது. கேரவன் ஒருமுறை வாலை ஆட்டிவிட்டு அடங்கியது. எட்டாவது வளைவைத் தாண்டி வண்டிகள் ஒதுங்குகிற இடம் ஒன்று வந்தது. அங்கே போய் நின்றார்கள். சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அவர் இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மேம்பாலம், மரத்துப் போகிற கை, கழிப்பறையில் வரைபடம்.

“ஆறு வருஷமாவா?” மனைவிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “என்கிட்ட சொன்னா உங்க கிரீடம் இறங்கிடுமா? ஊரான் வீட்டுப் பொம்பளை லிஃப்ட்ல நின்னா மணிக்கணக்கா பேசறீங்க!”

“அக்கா, விடு. கட்டுக்குள்ள என் காலே ஆடிடுச்சு” என்றான் மச்சான்.

“நீ பேசாத. வழி போட்டவன் நீதானே!”

பிரேக் ஆற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மனைவிக்கு ஓட்டத் தெரியாது, மச்சானுக்குக் காலில் கட்டு, மகளுக்கு வயது போதாது. இன்னும் பதினான்கு கிலோமீட்டர் இருந்தது. ஓட்ட வேறு யாரும் வரப்போவதில்லை.

“கும்பிட்டுட்டுக் கிளம்பலாம்” என்றாள் மனைவி.

“அன்னைக்கும் கும்பிட்டோம்” என்றார் அவர். ஆறு வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

“அதுக்கு என்கிட்ட பதில் இல்லைங்க. ஆனா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு உங்ககிட்ட பேசறாங்களே, அவங்கள்லாம் உங்க மூஞ்சியைப் பாத்திருக்காங்களா? ஒரு குரல் இருக்குன்னு பட்டனை அமுக்கறாங்க. எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.”

அவர் எழுந்து போய்க் கொக்கியைப் பார்த்தார். ஒன்று. திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தார். இரண்டு. அப்படியே நின்றார்.

“மூணாவது?” என்றாள் மகள்.

“நீ பாத்துடு.”

அவள் குனிந்து, அவரைப் போலவே கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, “சரியா இருக்கு சார்” என்றாள். நான்கு பேரும் கை கோத்தார்கள். முன்பு ஒருமுறை லிஃப்டில் மாட்டிக்கொண்ட வயதான பெண்மணி ஒருத்தி, கொஞ்சம் கும்பிட்டுக்கட்டுமா தம்பி என்று அவரிடம் அனுமதி கேட்டிருந்தாள். அப்போது சொன்னதையே இப்போது மனைவியிடமும் சொன்னார்.

“நீ கும்பிடு. நான் லைன்ல இருக்கேன்.”

கண்ணை மூடவில்லை. ஆனால் கொக்கியையும் பார்க்கவில்லை.

பிறகு இரண்டாவது கியரில், மாட்டு வண்டி வேகத்தில் இறங்கினார்கள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கை மரத்துப் போவது நிற்கவில்லை, நெஞ்சு அடித்துக்கொள்வதும் நிற்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கால் பிரேக்கைத் தேடிப் போனது. தொட்டது, விட்டது. கொஞ்சம் அமைதி விழுந்தாலும், “பேசிட்டே வாங்களேன், யாராவது” என்பார்.

மனைவி என்ன சமையல் என்று சொல்லத் தொடங்கினாள். மகள் அதெல்லாம் வேண்டாம் என்று சண்டைக்கு வந்தாள். அடிவாரம் வரும்வரை அந்தச் சண்டை ஓயவில்லை.