வெட்டி வைத்த விடைகள்

ஆரையம்பதியில் என் வீட்டு விறாந்தைக்குக் கணக்குப் படிக்க வருபவர்கள் விடையைப் பார்த்து எழுதிவிடக் கூடாது என்று, அவர்களுடைய புத்தகங்களின் விடைப் பக்கங்களை பிளேட்டால் வெட்டி என் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்வேன். அதில் எனக்கொரு பெருமையும் இருந்தது.

கொக்கட்டிச்சோலையிலிருந்து சனிக்கிழமைகளில் தோணியேறி வரும் ஒருவன், இரண்டு குழாய்கள் தொட்டியை நிரப்பும் கணக்கைச் செய்து காட்டினான். ஒரு குழாய்க்குப் பன்னிரண்டு மணி நேரம், மற்றதற்குப் பதினெட்டு. இரண்டையும் திறந்தால் ஏழு மணி பன்னிரண்டு நிமிடம் என்றான். நான் வெட்டி வைத்திருந்த விடைப் பக்கத்தில் ஏழு மணி இருபத்தொரு நிமிடம் என்றிருந்தது.

“பிழை. திரும்பச் செய்.”

“சரியாத்தான் வருகுது சேர்.”

“புத்தகம் எழுதின வெள்ளைக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமோ?” என்று சீறினேன்.

நான்கு தடவை செய்தான். ஐந்தாம் தடவை இருபத்தொன்று வந்தது. வழியைப் பாராமலே சிவப்பு மையால் சரி போட்டேன்.

அவன் போன பிறகுதான் அந்தக் கணக்கை முதன்முறையாக நானே செய்தேன். பன்னிரண்டு நிமிடம்தான். அச்சில் ஒன்றும் இரண்டும் இடம் மாறியிருந்தன.

அடுத்த சனிக்கிழமை சொல்லிவிடுவதென்று இருந்தேன். அவன் கொப்பியைத் திறந்து, “முதல்ல விடையச் சொல்லுங்க சேர், அதுக்கேத்த மாதிரிச் செஞ்சு தாறன்” என்றான்.

எங்கே தண்ணீர் நிரம்பும் சத்தம் கேட்டாலும் இன்றும் அந்தக் குரல் கூடவே வருகிறது. நக்கலாகச் சொல்லியிருந்தால் ஓர் அறை கொடுத்துவிட்டு மறந்திருப்பேன். அவன் மரியாதையோடுதான் கேட்டான். நானும் பெட்டியைத் திறந்து விடையைச் சொன்னேன்.