கருப்பு வரி

'க்ளீன்' என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் குமட்டும்.

அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், ஆபரேஷன் கருவிகளைச் சுத்தம் செய்து கட்டி மேலே அனுப்புவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷம். ரத்தம் உறைந்த கத்தரிகளையும், கீல் இடுக்கில் சதை ஒட்டியிருக்கும் இடுக்கிகளையும் தினமும் கையில் எடுக்கிறவளுக்கு அதிலெல்லாம் அருவருப்பு வந்ததில்லை. அழுக்கு தன்னை அழுக்கு என்று சொல்லிக்கொண்டு வருகிறது. அதில் பொய் இல்லை. பளபளவென்று இருந்துகொண்டு உள்ளே விஷத்தை வைத்திருக்கும் கத்திதான் அவளுக்கு அருவருப்பு.

அறையில் மூன்று அலமாரிகள். சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவியது முதல் அலமாரியில்: அது க்ளீன். மருந்துத் தண்ணீரில் ஊறியது இரண்டாவதில்: அது டிஸ்இன்ஃபெக்டட். துணியில் கட்டி, ஆட்டோகிளேவ் என்னும் நீராவி இயந்திரத்தில் வெந்து வந்தது மூன்றாவதில்: அது மட்டும்தான் ஸ்டெரைல், ஒரு கிருமிகூட உயிரோடு இருக்காது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களிடம் அவள் நீட்டி முழக்க மாட்டாள். "முதல் அலமாரி கண்ணுக்கு. ரெண்டாவது தோலுக்கு. மூணாவது ரத்தத்துக்கு. மாத்தி வெச்சா ஆள் செத்துருவான், அவ்வளவுதான்" என்பாள்.

மூன்றாவது அலமாரிப் பொட்டலங்களின்மேல் ஒரு நாடா ஒட்டியிருக்கும். அதில் சாய்வாக வெளிர் வரிகள். இயந்திரத்தில் சரியாக வெந்தால் வரிகள் கருப்பாகிவிடும். வேகவில்லையென்றால் வெளிறியே இருக்கும். "கருப்பு வரி வந்துச்சா?" என்று நாளுக்கு நூறு தடவை கேட்டுக் கேட்டு, அவள் பெயரே 'கருவரி அக்கா' ஆகிவிட்டது. வீட்டிலும் இந்தக் கேலிதான். டம்ளரை மூன்றாம் முறை கழுவும்போது கணவர் சொல்வார்: "போதும் விடு, தண்ணிதான் குடிக்கப்போறேன், ஆபரேஷனா பண்ணிக்கப்போறேன்?"

அந்த வாரம் மருமகளுக்குப் பிரசவம். குழந்தை குறுக்கே கிடந்ததால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். "அத்தை கட்டின பொட்டலத்துலதான் என் பிள்ளை பிறக்கணும்" என்று பிடிவாதமாக இதே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள் அந்தப் பெண். தாயில்லாதவள். அத்தை என்று கூப்பிட்டாலும் குரலில் அம்மாதான் இருக்கும். அவளைச் சேர்ப்பதற்காகக் கருவரி அக்கா முந்தைய நாள் லீவு போட்டிருந்தாள்.

காலையில் வந்ததும் மூன்றாவது அலமாரியைப் பார்த்தாள். பதினான்கு பொட்டலங்கள். எல்லாவற்றிலும் கருப்பு வரி. ஆனால் பக்கத்தில் இயந்திரம் சில்லிட்டுக் கிடந்தது; கதவின் ரப்பர் கிழிந்து தொங்கியது. ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கருப்பு, வரியின் ஓரத்தைத் தாண்டி லேசாக வழிந்திருந்தது. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்த்தாள். கருப்பு முழுவதும் அவள் கட்டைவிரலுக்கு வந்துவிட்டது. அடியில் வெளிர் வரிகள், வேகாத மாவு போல.

மார்க்கர் பேனா.

அடுத்த பொட்டலத்தையும் தேய்த்தாள். அதிலும் அதேதான்.

மேனேஜர் உள்ளே வந்தார். ஆறு மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்; சென்ட் வாசனை அவருக்கு முன்னால் வரும்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?"

"இந்த வரியை யாரு சார் வரைஞ்சது?"

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு அவள் விரலைப் பார்த்தார். சிரித்தார். "நேத்து மெஷின் மக்கர் பண்ணிடுச்சு. மெக்கானிக் நாளன்னைக்குத்தான் வருவான். ஆபரேஷன் தியேட்டரைச் சும்மா போட முடியுமா? எல்லாம் நல்லாக் கழுவி, மருந்துல ஊற வெச்சதுதானே? க்ளீன்தான்க்கா."

"க்ளீன் வேற, ஸ்டெரைல் வேற சார்."

"இங்கிலீஷ்ல ஆயிரம் வார்த்தை இருக்கும். எல்லாம் ஒண்ணுதான்."

"வெளுத்ததெல்லாம் பாலாயிடுமா? சுண்ணாம்பைக் கரைச்சுக் குடிச்சுப் பாருங்க, தெரியும்."

சுவரில் அன்றைய ஆபரேஷன் பட்டியல் ஒட்டியிருந்தது. முதலில் ஒரு லாரி டிரைவருக்குக் குடலிறக்கம். அடுத்து ஒரு டீச்சரம்மாவுக்குக் கர்ப்பப்பை. மூன்றாவது, அவள் மருமகள். மேனேஜரின் விரல் பட்டியலில் இறங்கி அந்த மூன்றாவது பெயரில் நின்றது. குரல் தேனாகக் குழைந்தது.

"ஓ, இதான் விஷயமா? முன்னாடியே சொல்லக் கூடாதா? பக்கத்து ஆஸ்பத்திரியில நம்ம ஆள் இருக்கான். சரியா வெந்த செட் ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்றேன். உங்க மருமகளுக்கு மட்டும் அது. மத்த ரெண்டும் போகட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

ஆக, அவருக்கு வித்தியாசம் தெரியும். அகராதி எழுதுகிறவர்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் பேனாவைத் திறந்திருக்கிறார்.

ஆனால் அவளை உலுக்கியது அதுவல்ல. அந்த நொடியில் 'சரி' என்ற சொல் அவள் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. மருமகளின் வீங்கிய பாதங்கள் கண்முன் வந்தன. லாரி டிரைவரும் டீச்சரம்மாவும் முகமே இல்லாமல் மங்கிப்போனார்கள். அந்தச் 'சரி'யின் ருசி, ஊசிப்போன பண்டத்தைக் கடித்ததுபோல் வாயெல்லாம் பரவியது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவளுக்கு அவள்மீதே அருவருப்பு வந்தது.

வெளியே தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம். முதல் கேஸுக்குப் பொட்டலம் எடுக்கத் தியேட்டர் சிஸ்டர் வந்துகொண்டிருந்தார்.

கருவரி அக்கா கையுறை மாட்டவில்லை. முதல் பொட்டலத்தின் கட்டைப் பிரித்தாள். உள்ளே இருந்த கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் வெறுங்கையால் அள்ளிப் பிசைந்து மேஜையில் கொட்டினாள். அடுத்தது. அடுத்தது. திறந்த பொட்டலத்தையும், வெறுங்கை பட்ட கருவியையும் தியேட்டருக்குள் எவனும் ஏற்ற முடியாது. அது அந்தக் கட்டடத்தின் வேதம்.

"ஏய், பைத்தியமா உனக்கு?" என்று மேனேஜர் கையைப் பிடித்தார்.

"தொடாதீங்க. அசிங்கமா இருக்கு."

பதினான்கும் பிரிந்து கிடந்தபோது சிஸ்டர் வாசலில் நின்றிருந்தார். கருவிக் குவியலைப் பார்த்தார். கருவரி அக்கா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கருப்பு. சிஸ்டர் மேனேஜரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சுவரிலிருந்த போனை எடுத்தார். "டாக்டர், இன்னைக்கு தியேட்டர் இல்ல. யாருக்கும் இல்ல. ஏன்னு நேர்ல வந்து சொல்றேன்."

பட்டியலில் இருந்த மூன்று பேரும் வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போனார்கள். மருமகளை வண்டியில் ஏற்றும்போது மகன் தாயின் முகத்தைப் பார்க்கவே இல்லை. "உன் சுத்தப் பைத்தியத்துக்கு இன்னைக்குத்தானா நாள் கிடைச்சுது?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் அவளுக்கு ஒரு மெமோ வந்தது. க்ளீனாக இருந்த கருவிகளை வேண்டுமென்றே கையால் தொட்டுக் கெடுத்ததற்கு விளக்கம் வேண்டுமாம். பதில் வரும்வரை வேலை இல்லையாம். அவள் இரண்டே வரி எழுதினாள்: "க்ளீனாக இருந்தது உண்மை. ஸ்டெரைலாக இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், நான் மன்னிப்புக் கேட்கிறேன்." அந்தக் கையெழுத்தைப் போட இன்றுவரை யாரும் முன்வரவில்லை. அவளை வேலைக்குக் கூப்பிடவும் இல்லை.

குழந்தை பெண். மூன்றாம் நாள் பார்க்கப் போனவள் கட்டிலிலிருந்து நாலடி தள்ளியே நின்றாள்.

"கிட்ட வாங்க அத்தை. தூக்கிக்கங்க."

"வேணாம்மா. என் கை சரியில்ல." பிறகு உடைந்து சொன்னாள்: "உனக்கு மட்டும் நல்ல செட் தரேன்னான். ஒரு நொடி ஒத்துக்கிட்டேன்டி மனசுல. மத்த ரெண்டு பேரும் எப்படியோ போகட்டும்னு நினைச்சுட்டேன்."

மருமகள் குழந்தையைத் தூக்கி அவள் பக்கம் நீட்டினாள். கண் நிறைந்தது, ஆனாலும் சிரித்தாள்.

"வரும்போது கையைக் கழுவினீங்கல்ல?"

"மூணு தடவை."

"அப்போ வாங்கிக்கங்க. இவளைக் கொஞ்சுறதுக்கு முதல் அலமாரி போதும்."

அவள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் அந்தக் கருப்பு இன்னும் ஒரு நூலளவு மிச்சமிருந்தது. அது குழந்தைமேல் படாமல் விரலை மடக்கிக்கொண்டாள்.