கோலா மூடா மீன் சந்தையில் கவினைத் தேடிய ஏழு நிமிடம்

இரண்டரை வயது இரட்டையரைக் கூட்டிக்கொண்டு எங்கும் போகாதே என்று சொன்ன அத்தனை பேரையும் மீறித்தான் போன சனிக்கிழமை கிளம்பினோம். குலிம் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கும் என் கணவர் செல்வத்துக்கு மூன்று வாரம் கழித்து அன்றுதான் லீவு. கோத்தா கோலா மூடாவில் விலையைக் காதோடு காதாகச் சொல்லி மீன் ஏலம் எடுப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, மதியம் பக்கத்திலுள்ள யான் என்ற ஊரில் சாப்பிட்டு, பிள்ளைகளுக்கு வயல்வெளியைக் காட்டித் திரும்புவது திட்டம். திட்டம் போட்டவள் நான். சிரிக்காதீர்கள்.

பாடாங் செராயிலிருந்து சுங்கை பட்டாணி வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒன்பதுக்குப் புறப்பட வேண்டியவர்கள் 9.50க்குத்தான் புறப்பட்டோம், ஏனென்றால் காலில் சப்பாத்து போட்டு முடித்த நிமிடத்தில் நிலா பாலைத் தன்மேல் கொட்டிக்கொண்டாள். பாதி வழியில் கவின் குழந்தை இருக்கையில் உடம்பை வில்லாக வளைத்து அலற ஆரம்பித்தான்.

“பக்கத்துலதானே, மடியில வச்சுக்கயேன்,” என்றார் செல்வம்.

“நீங்க காடிய ஓட்டுங்க. இருக்கை வாரை நான் கழட்ட மாட்டேன்.”

இரண்டு முறை நிறுத்தி, இரண்டு பேரையும் இறக்கி, நடக்கவிட்டு, மறுபடி வாரில் பூட்டினோம். ஒருவனைப் பூட்டும்போது மற்றவள் தொப்பியைச் சாலையில் எறிவாள். என் பொறுமை சுங்கை பட்டாணியிலேயே தீர்ந்துவிட்டது.

சந்தைக்குள் நுழைந்தபோது 11.20. பிள்ளைகளின் தள்ளுவண்டியைக் கொண்டுபோய் ஒரு பிரயோஜனமும் இல்லை. தரையெல்லாம் ஐஸ் தண்ணீர், எங்கு பார்த்தாலும் மீன் பெட்டிகள். கொட்டகையைத் தாண்டினால் படகுத்துறை, அதை ஒட்டி ஆறு. பிள்ளைகளின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஏலத்தைப் பார்த்தோம். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து ஏலக்காரரின் காதில் விலை சொன்னார்கள். உண்மையில் அருமையான காட்சி. நான்கு நிமிடம் ரசித்தேன். நிலா டயப்பரை நனைத்துவிட்டாள்.

“மாத்திட்டு வந்துடறேன்,” என்று சொல்லிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனேன். திரும்பி வந்தபோது செல்வம் இறால் எடை போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தனியாக.

“கவின் எங்க?”

“உன் பின்னாடியே வந்தானே! நீ கூட்டிட்டுப் போறேன்னு நெனச்சேன்.”

நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஆற்றைத்தான் பார்த்தேன். எல்லாரும் குசுகுசுவென்று பேசும் அந்த இடத்தில் “கவின்!” என்று கத்திய கத்தலில் ஏலமே நின்றுபோனது. நிலாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு துறை ஓரமாக ஓடினேன். இரண்டு படகுகளுக்கு நடுவே கலங்கிய தண்ணீரைக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாமலிருப்பது நல்லதா கெட்டதா என்று அப்போது புரியவில்லை. செல்வம் கார்ப் பக்கம் ஓடினார். அந்த ஏழு நிமிடத்தை அவர் கைப்பேசியைப் பார்த்துப் பிறகுதான் கணக்கிட்டோம். எனக்கு அது அரை நாள்.

“தங்கச்சி! இங்க!” என்று ஒரு தமிழ்க் குரல். பீடோங்கிலிருந்து மீன் வாங்க வந்த வியாபாரி ஒருவர், தன் வேனுக்குப் பக்கத்தில் கையை உயர்த்தி நின்றார். அவர் முன்னால் ஐஸ் பெட்டிமேல் கவின் உட்கார்ந்து, கூடையிலிருந்த நண்டுகளோடு பேசிக்கொண்டிருந்தான்.

“தண்ணிப் பக்கம் நடந்தான்மா, தூக்கிட்டேன். பேரு கேட்டா ‘நண்டு’ங்கிறான். தேடிட்டுப் போனா நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஆயிடும்லா. அதான் நகராம நின்னுட்டேன்.”

“ரொம்ப நன்றிண்ணே,” என்றேன். கவினை வாங்கி நெஞ்சோடு அணைத்தேன். அவன் நண்டு வேண்டுமென்று என் முகத்தில் அறைந்தான்.

யான் ஊருக்குப் போகும் திட்டத்தை மறந்துவிட்டோம். சுங்கை பட்டாணியில் சாப்பாட்டுச் செலவு 31 வெள்ளி, அதில் பாதி தரைக்கு. வீடு வரும்வரை நானும் செல்வமும் சண்டை போட்டோம். கவினின் கையை விட்டவர் அவர், சந்தேகமே இல்லை. ஆனால் “மாத்திட்டு வந்துடறேன்” என்றபோது யாரை என்று நான் சொல்லவில்லை. கவின் பின்னால் வருகிறானா என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பெரியவர் இரண்டு பேர் போதாது, மூன்றாவது ஆள் கிடைத்தால் கெஞ்சியாவது கூட்டிப் போங்கள். புறப்படும் முன் பிள்ளைகளை அன்றைய உடையோடு படமெடுங்கள், சட்டையின் உள்பக்கம் உங்கள் எண்ணை எழுதுங்கள். என்னிடம் கேட்டிருந்தால் கவின் என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று சொல்லத் தெரிந்திருக்காது. காணவில்லை என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள், வெட்கப்படாமல் கத்துங்கள். ஒருவர் நகரும்போது “கவின் உங்ககிட்ட” என்று பெயரைச் சொல்லுங்கள். “என்கிட்ட” என்ற பதில் காதில் விழும்வரை ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள்.