வைரக்கண்ணுவும் அட்ரோபின் ஊசியும்

“பூச்சிதான் சாவும், இந்த வைரக்கண்ணு சாவமாட்டான். என் ஒடம்புல மருந்து ஏறாதுங்க, வழுக்கிட்டு ஓடிரும்.”

குன்னம் டீக்கடையில் இப்படி அறிவித்த பெருமகனாரின் தொழில், ஊரார் பருத்திக்கு மருந்தடிப்பது. மூக்கில் துணி கட்டுபவர்களைக் கோழைகள் என்றார். மருந்தைக் குச்சியால் கலக்குவது கௌரவக் குறைவு என்று கையையே விட்டுக் கலக்கினார்.

அந்த ஆண்டு மழை தாராளம். பருத்தி ஆளைவிட உயரமாக நின்றது. அண்ணாந்து அடித்தால் அடித்ததெல்லாம் தலையிலேயே இறங்கும். மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். வைரக்கண்ணு சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

மதியம் வரப்பில் கிடந்தார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை, கண்மணி கடுகாய்ச் சுருங்கியிருந்தது. “வெயில் மயக்கம், மோர் குடுங்க” என்று வைத்தியம் சொன்னார் நிலத்துக்காரர் அறிவுச்செல்வன். வைரக்கண்ணுவின் மனைவி மலர்க்கொடி அதைக் காதில் வாங்காமல் ஆட்டோவில் ஏற்றிப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

போரில் நரம்பைத் தாக்கும் நஞ்சுக்காற்றில் சிக்கிய சிப்பாய்க்குப் போடும் அதே முறிவு மருந்தை, அட்ரோபின் ஊசியைத்தான் அங்கே போட்டார்கள். பட்டாளத்தில் சேராமலே அந்த மரியாதை கிடைத்தது. நெஞ்சுச் சளி வற்றும்வரை ஏற்றினார்கள். மூச்சு உள்ளே வந்தது, புத்தி வெளியே போனது. கூரையைப் பார்த்து, இல்லாத தெளிப்பானால் இல்லாத புழுக்களுக்கு மருந்தடித்தார்.

“அடியே, அந்த மூலைல பாரு, கொத்துக் கொத்தா! தண்ணி ஊத்துடி!”

“ஊத்திட்டேன், படுங்க,” என்ற மலர்க்கொடி டாக்டர் பக்கம் திரும்பினாள். “இப்டியே இருந்துருவாருங்களா?”

“ஊசி மூளையில பண்ற வேலைம்மா. கொறைச்சா தெளிஞ்சிரும். மறதி கொஞ்ச நாள் இருக்கலாம். இன்னொரு தடவ பூச்சிமருந்து ஒடம்புல ஏறுச்சுன்னா பொழைப்பாரான்னு சொல்ல முடியாது.”

தெளிந்தது. பழைய வீறாப்புப் பேச்சும் திரும்பியது. ஆஸ்பத்திரியே அவர் உடம்பைப் பார்த்து அசந்துபோனதாம். மகள் பெயர் சில நேரம் நினைவுக்கு வராததை மட்டும் டீக்கடையில் சொல்லவில்லை.

அடுத்த பருத்திக்கு அறிவுச்செல்வன் வாசலில் வந்து நின்றார். “என்ன வைரக்கண்ணு, பயந்துட்டியா?”

“யாரு, நானா?”

மலர்க்கொடி குறுக்கே நின்றாள். “இன்னொரு தடவ ஒன்னைய தூக்கிட்டு ஓட எனக்குத் தெம்பு இல்லய்யா.”

“தள்ளுடி.”

போனார். வரப்பில் நின்று மருந்துப் புட்டியைத் திறந்தார். வாசனை மூக்கில் ஏறியதும் மூடியைத் திருகி மூடிவிட்டு, தெளிப்பானை இறக்கி வைத்து, யாரும் வராத வாய்க்கால் வழியாக வீடு வந்து சேர்ந்தார்.

“அதுக்குள்ளயா?”

“காத்து சரியில்லடி.”

அன்று ஒரு இலைகூட அசையவில்லை. மலர்க்கொடி சோறு போட்டாள்.